மூன்றாவது அத்தியாயம் வரை பொறுங்கள்

பிபிசியில் ஒரு புதிய நகைச்சுவைத் தொடர் தொடங்கினால் மறுநாள் காலைக்குள் பிரிட்டன் தீர்ப்பு எழுதி முடித்துவிடும். சிரிப்பே வரவில்லை, பழைய தொடர்களுக்குப் பக்கத்தில் நிற்குமா, இதற்கா லைசென்ஸ் பணம் கட்டுகிறோம் என்ற மூன்று புகார்களும் பல தலைமுறைகளாக மாறவே இல்லை. இந்த அவசரத்தில் அதிகம் இழப்பது பார்ப்பவர்தான். பிபிசி தந்த நல்ல நகைச்சுவைகளில் பல, முதல் பார்வையில் தோற்றவை.

1974ஆம் ஆண்டு மே மாதம் ஜான் கிளீஸும் அவர் மனைவி கானி பூத்தும் எழுதிய 'ஃபால்டி டவர்ஸ்' தொடரின் எழுத்துப்படி பிபிசி அலுவலர் ஒருவரின் மேசைக்கு வந்தது. எல்லாம் அரைத்த மாவு, பாத்திரங்கள் அத்தனையும் அச்சில் வார்த்தவை, எடுத்தால் படுதோல்விதான் என்ற பொருளில் அவர் மேலிடத்துக்குக் குறிப்பு அனுப்பினார். ஆனாலும் பிபிசி அதை எடுத்தது. 1975இல் ஆறு அத்தியாயங்கள், 1979இல் ஆறு அத்தியாயங்கள், அவ்வளவுதான் மொத்தத் தொடரும். 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் தயாரித்த நூறு சிறந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பட்டியலில் இந்தப் பன்னிரண்டு அத்தியாயங்களுக்குத்தான் முதலிடம்.

குறிப்பு எழுதிய அலுவலரை நான் பழிக்க மாட்டேன். சிடுசிடுக்கும் ஓட்டல் முதலாளி, அவனை அடக்கி ஆளும் மனைவி, ஆங்கிலம் புரியாத ஸ்பானிய சர்வர் என்று தாளில் படித்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆறடி ஐந்தங்குல உயரமுள்ள கிளீஸின் உடம்பு, கத்த முடியாத கோபத்தில் எப்படி மடங்கி முறுக்கிக்கொள்ளும் என்பதைத் தாளில் பார்க்க முடியாது. புதுத் தொடரின் முதல் அத்தியாயத்தைப் பார்க்கும் நாமும் ஏறக்குறைய அந்த அலுவலரின் நிலையில்தான் இருக்கிறோம். பாத்திரங்களின் பெயர் தெரியும், வேலை தெரியும், யாருக்கு யார் என்ன உறவு என்று தெரியும். அவர்களை இன்னும் தெரியாது.

பிபிசி நகைச்சுவையின் உருவத்தைத் தீர்மானிப்பது அதற்குப் பணம் வரும் வழி. டிவி ஒளிபரப்பைப் பார்க்கும் வீடுகள் லைசென்ஸ் கட்டணம் செலுத்துகின்றன. 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. அந்தப் பணத்தில் நடக்கும் சேனல்களில் விளம்பரம் கிடையாது. அமெரிக்கத் தனியார் சேனலில் அரை மணி நேர நகைச்சுவை என்றால் கதைக்குக் கிடைப்பது 22 நிமிடம். பிபிசியில் 28, 29 நிமிடம். கூடுதலாகக் கிடைக்கும் அந்த ஆறேழு நிமிடங்கள் பெரும்பாலும் வசனத்துக்குப் போவதில்லை. ஒருவர் பொய் சொல்லிவிட்டு மற்றவர் முகத்தைப் பார்த்து நிற்பதற்கும், யாரும் பேசாமல் தேநீர் ஆறுவதற்கும் போகின்றன. 'ஒன்றுமே நடக்கவில்லை' என்று முதல் முறை பார்ப்பவர் சொல்லும் இடங்கள் பல நேரம் இவைதான்.

ஒரு சீசனுக்குப் பொதுவாக ஆறு அத்தியாயங்கள். அதை ஒருவரோ இருவரோ உட்கார்ந்து எழுதுகிறார்கள். எழுத்தாளர் குழு ஒன்று கூடி வருடத்துக்கு இருபதுக்கு மேல் எழுதித்தள்ளும் அமெரிக்க முறைக்கு இது நேர்மாறு. அதனால் பிபிசி தொடரில் ஒரே மனிதரின் குரல் முழுவதும் கேட்கும். அந்தக் குரல் பிடிக்காவிட்டால் தொடர் முழுவதும் பிடிக்காது. பிடித்துவிட்டால் ஆறு போதாது.

சரி, எதைப் பார்ப்பது? நான் சொல்வேன், ஜோக்கைத் தேடாதீர்கள். அந்தத் தொடரின் நாயகன் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். பிரிட்டிஷ் நகைச்சுவையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தான் யார் என்று ஒருவன் நம்புவதற்கும் அவன் உண்மையில் யார் என்பதற்கும் நடுவில் உள்ள தூரம்தான் சிரிப்பு. அந்தத் தூரத்தை அவனைத் தவிர அறையில் இருக்கும் எல்லோரும் பார்க்கிறார்கள். பேசில் ஃபால்டி தன் சின்னக் கடலோர ஓட்டலுக்கு மேல்குடி மக்கள் வர வேண்டும் என்று ஏங்குகிறான். அதனால்தான் முதல் அத்தியாயத்தில் பிரபு என்று பொய் சொல்லி வந்தவனிடம் வளைந்து குழைந்து ஏமாறுகிறான்.

இதன் மிக அழகான வடிவம் 'டாட்ஸ் ஆர்மி'. ஜிம்மி பெரியும் டேவிட் கிராஃப்டும் எழுதி 1968 முதல் 1977 வரை ஓடிய தொடர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், போர்முனைக்குப் போக முடியாத வயதானவர்களும் சிறுவர்களும் சேர்ந்து ஒரு கடலோர ஊரைக் காக்கும் உள்ளூர்ப் படை. பெரி இளைஞனாக அப்படியொரு படையில் இருந்தவர். படைக்குத் தலைவர் கேப்டன் மெயின்வேரிங், ஊர் வங்கியின் மேலாளர், குட்டையான, விறைப்பான, உழைத்து மேலே வந்த மனிதர். அவருக்குக் கீழே சார்ஜென்ட் வில்சன், அதே வங்கியில் தலைமை எழுத்தர்; ஆனால் பிறப்பால் மேல்குடி, பணக்காரப் பள்ளியில் படித்தவர், எதற்கும் பதறாதவர். பதவியில் மேலே இருப்பவருக்குக் குலத்தில் கீழே இருக்கும் வலி. ஒன்பது ஆண்டுகளும் எண்பது அத்தியாயங்களும் இந்த ஒரு முடிச்சைச் சுற்றியே வந்தன. 1973இல் வந்த ஓர் அத்தியாயத்தில் உறவினர் ஒருவர் இறந்து, வில்சனுக்குப் பெயருக்கு முன்னால் ஒரு மரியாதைப் பட்டம் வந்து சேர்கிறது. அப்போது மெயின்வேரிங்காக நடித்த ஆர்தர் லோவின் முகத்தைப் பாருங்கள். அவர் வில்சனை வாழ்த்தவும் வேண்டும், விழுங்கவும் வேண்டும். நம் ஊரில் குலமும் பதவியும் முரண்படும் அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் அந்த முகத்தை விளக்கத் தேவையில்லை.

2001இல் வந்த 'தி ஆபிஸ்' இதே சூத்திரத்தை நவீன அலுவலகத்துக்குக் கொண்டுபோனது. ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீஃபன் மெர்ச்சன்ட்டும் எழுதியது. ஸ்லவ் என்ற ஊரில் ஒரு காகிதக் கம்பெனி, அங்கே ஆவணப்படம் எடுக்க வந்த கேமரா. மேலாளர் டேவிட் பிரென்ட் தன்னை ஊழியர்களின் தோழன், பெரிய வேடிக்கைக்காரன் என்று நம்புகிறான். அவன் ஜோக் சொன்னால் நாம் சிரிப்பதில்லை. சொல்லிவிட்டு ஓரக்கண்ணால் கேமராவைப் பார்க்கிறானே, அங்கேதான் சிரிப்பு. முதல் சீசன் வந்தபோது பார்த்தவர்கள் குறைவு. இதில் யாரும் சிரிக்கவில்லையே என்று தவித்தவர்கள் பலர்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஏன் மூன்றாவது அத்தியாயம்? முதல் அத்தியாயம் அறிமுகத்துக்கே செலவாகிவிடும். இரண்டாவதில் எழுத்தாளர் தன் பாத்திரங்களைப் பரிசோதித்துக்கொண்டிருப்பார். மூன்றாவதில்தான் நமக்கு ஒரு முன்னறிவு வந்து சேரும்: 'இவள் இதற்குக் கோபப்படுவாளே' என்று அவள் கோபப்படுவதற்கு முன்பே நாம் சிரிக்கத் தொடங்குவோம். இந்த முன்சிரிப்பு வந்துவிட்டதா என்று கவனியுங்கள். வந்துவிட்டால் தொடர் பிடித்துக்கொண்டது என்று பொருள்.

2019இல் பிபிசி ஒன்றில் தொடங்கிய 'கோஸ்ட்ஸ்' இதற்குக் கச்சிதமான சான்று. இடிந்துகொண்டிருக்கும் ஒரு பழைய மாளிகை இளம் தம்பதிக்குச் சொத்தாக வந்து சேர்கிறது. வெவ்வேறு நூற்றாண்டுகளில் அங்கே இறந்தவர்கள் சிலர் ஆவிகளாகக் குடியிருக்கிறார்கள். ஆதிமனிதன், தலையற்ற பிரபு, காதல் கவிஞன், கால்சட்டை இல்லாமல் செத்துப்போன அரசியல்வாதி. சாரணர் தலைவர் பேட் கழுத்தில் அம்பு குத்திய நிலையிலேயே எப்போதும் சிரித்த முகமாகத் திரிவார். முதல் இரண்டு அத்தியாயங்களில் அந்த அம்பு வெறும் வேடிக்கை. மூன்றாவது அத்தியாயத்தில் பேட்டின் நினைவு நாள் வருகிறது. ஆண்டுதோறும் அந்த நாளில் அவருடைய குடும்பம் அந்த இடத்துக்கு வந்து போகும்; அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார், அவர்களுக்கு அவர் தெரிய மாட்டார். அதன் பிறகு அந்த அம்பை முன்போலப் பார்க்க முடியாது. முதல் அத்தியாயத்தோடு நிறுத்தியவர்கள் இதைக் குழந்தைகளுக்கான பேய் வேடிக்கை என்று சொல்லிப் போய்விட்டார்கள். தொடர் 2023 வரை ஐந்து சீசன் ஓடியது.

சில தொடர்களுக்கு மூன்று அத்தியாயமும் போதாது. ரோவன் அட்கின்சன் நடித்த 'பிளாக் ஆடர்' முதல் சீசன் 1983இல் வந்தபோது கோட்டை, குதிரை, வெளிப்புறப் படப்பிடிப்பு என்று பணத்தை விழுங்கியது. நாயகன் அசடன், வேலையாள் பால்ட்ரிக் அவனைவிடக் கெட்டிக்காரன். பிறகு பிபிசி ஒன்றின் பொறுப்புக்கு வந்த மைக்கேல் கிரேட், செலவைக் குறைக்காவிட்டால் தொடர் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த நெருக்கடிதான் தொடரைக் காப்பாற்றியது. ரிச்சர்ட் கர்ட்டிஸோடு பென் எல்டன் எழுத வந்தார். குதிரைகள் போயின, ஸ்டூடியோவுக்குள் நாலு சுவர், மேசை, மெழுகுவத்தி. நாயகன் நஞ்சு நாக்குள்ள கெட்டிக்காரன் ஆனான், பால்ட்ரிக் அசடன் ஆனான். 1989இல் முதல் உலகப்போரின் பதுங்குகுழியில் முடிந்த நான்காவது சீசனின் கடைசி நிமிடங்களை பிரிட்டன் இன்னும் மறக்கவில்லை. முதல் சீசனோடு மூட்டை கட்டியிருந்தால் அந்த நிமிடங்கள் கிடைத்திருக்காது. தோற்றதற்கு இரண்டாம் வாய்ப்புக் கொடுப்பது பொது ஒளிபரப்பு நிறுவனத்தின் கடமை என்று நான் கருதுகிறேன். மக்கள் பணத்தை அதற்குச் செலவிடாமல் வேறு எதற்குச் செலவிடுவது?

காதையும் தீட்டிக்கொள்ள வேண்டும். பின்னணியில் கேட்கும் சிரிப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். பிபிசியின் பழைய ஸ்டூடியோ நகைச்சுவைகளில் கேட்பது பெரும்பாலும் இலவச டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்த உண்மையான மனிதர்களின் சிரிப்பு. வெளியே எடுத்த காட்சிகளையும் அவர்களுக்கு அங்கேயே திரையில் போட்டுக் காட்டுவார்கள். 'யெஸ் மினிஸ்டர்' பார்க்கும்போது இதைக் கவனிக்கலாம். அமைச்சரைக் குழப்புவதற்காக அவர் துறையின் மூத்த அதிகாரி சர் ஹம்ஃப்ரி முற்றுப்புள்ளியே இல்லாத ஒரு வாக்கியத்தைத் தொடங்குவார். பாதியில் ஒருவர் சிரிப்பார், பிறகு பத்துப் பேர், வாக்கியம் முடிந்ததும் கைதட்டல். ஹம்ஃப்ரியாக நடித்த நைஜல் ஹாதார்ன் அந்தச் சிரிப்பின் மேல் ஏறி மூச்சை எங்கே விடுகிறார் என்று கேட்பது தனி இன்பம். இரண்டாம் முறை பார்க்கும்போது பேசுபவர்களை விட்டுவிட்டு, நடுவில் நிற்கும் செயலாளர் பெர்னார்டின் முகத்தை மட்டும் பாருங்கள். 1981இல் வந்த ஓர் அத்தியாயத்தில் ஐந்நூறு ஊழியர்களோடு ஒரு மருத்துவமனை சிறப்பாக இயங்கும். நோயாளி ஒருவர்கூட இல்லை. நிதிக்கும் உரிமத்துக்கும் எந்த அரசின் கையைப் பார்க்க வேண்டுமோ அதே அரசை மக்கள் பணத்தில் ஒரு நிறுவனம் இப்படி உரித்துக்காட்டியது. அதே நிறுவனம் 2014இல் 'டபிள்யூ ஒன் ஏ' என்ற தொடரில் தன் சொந்தக் கூட்ட அறைகளையும் உரித்துக்காட்டியது. இந்தத் துணிச்சலையும் சேர்த்தே ரசிக்க வேண்டும்.

துண்டு வீடியோக்களில் பார்த்துவிட்டுப் போதும் என்று இருந்துவிடாதீர்கள். 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்' தொடரில் டெல் பாய் மதுக்கடையில் விழும் காட்சி உலகம் முழுக்கச் சுற்றுகிறது. ஒரு மனிதன் விழுகிறான், அவ்வளவுதான் என்று நினைப்பீர்கள். அது 1989 ஜனவரியில் வந்த அத்தியாயம். லண்டன் பெக்கமின் தெருவியாபாரி டெல், எட்டு வருடங்களாகக் கோடீசுவரன் ஆகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருப்பவன். இப்போது பணக்கார இளைஞர்களின் கோட்டை மாட்டிக்கொண்டு அவர்கள் கூடும் கடைக்கு வந்திருக்கிறான். பக்கத்தில் இரண்டு பெண்கள். பதறாமல் நில், அலட்சியமாக இரு என்று மந்தபுத்தி நண்பன் டிரிகருக்குப் பாடம் எடுக்கிறான். அவன் சாய்ந்திருந்த கவுன்டரின் மடிப்புப் பலகையைக் கடை ஊழியர் தூக்கிவிட்டுப் போகிறார். டெல் திரும்பிப் பார்க்காமல் மறுபடி சாய்கிறான்.

டெல்லாக நடித்த டேவிட் ஜேசன் விழும் விதத்தைப் பாருங்கள். கையை ஊன்றவில்லை, முழங்காலை மடக்கவில்லை, முகத்தில் அந்த அலட்சியப் பாவனை கலையவே இல்லை. மரம் சாய்வதுபோல் பக்கவாட்டில் மறைகிறான். நேரில் பார்த்த ஒரு சம்பவத்திலிருந்து தொடரின் எழுத்தாளர் ஜான் சல்லிவன் எழுதியது இது. அவர் பார்த்த ஆள் பாதி விழுந்து சமாளித்துக்கொண்டான். முழுவதும் விழ வேண்டும் என்றவர் ஜேசன். அவர் விழுந்ததற்குச் சமமாக நான் ரசிப்பது டிரிகராக நடித்த ரோஜர் லாயிட் பேக்கை. அவன் திரும்புகிறான், டெல் இருந்த இடம் காலி. எங்கே போனான் என்று அறை முழுக்கத் தேடும் அந்த முகத்தில் கவலை இல்லை, வியப்பும் பெரிதாக இல்லை. டெல் எழுந்து, நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், கிளம்பலாம் என்கிறான். எட்டு வருடக் கனவு மூன்று நொடியில் கவிழ்ந்ததை அறிந்தவருக்கே இந்தக் காட்சி முழுதாகக் கிடைக்கும். 1981இல் தொடங்கியபோது அதிகம் கண்டுகொள்ளப்படாத தொடர் இது. 1996 கிறிஸ்துமஸ் காலத்தில் இதன் ஒரே அத்தியாயத்தை 2 கோடியே 43 லட்சம் பேர் பார்த்தார்கள்.

புதியவற்றுக்கு வருவோம். அண்மையில் வந்தவற்றில் என் முதல் பரிந்துரை 'சச் பிரேவ் கேர்ள்ஸ்'. 2023இல் பிபிசி மூன்றில் தொடங்கி மறு ஆண்டே சிறந்த நகைச்சுவைக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. எழுதியவர் கேட் சாட்லர். அவரும் அவருடைய உண்மையான தங்கை லிஸி டேவிட்சனும் அக்கா தங்கையாக நடிக்கிறார்கள். ஓடிப்போன அப்பா, கடன், மனச்சோர்வு, பணக்கார ஆண் ஒருவனைப் பிடித்தே தீர வேண்டும் என்று துடிக்கும் அம்மா. ஒருவரிடம் ஒருவர் இரக்கமே காட்டாமல் பேசுவார்கள். முதல் பத்து நிமிடம் கூசும். அந்தக் கூச்சத்தைத் தாண்டினால், ஒருவரை விட்டு ஒருவர் போக முடியாத மூன்று பெண்களின் ஒட்டுதல் கண்ணுக்குத் தெரியும். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கத் தக்கதல்ல.

சோஃபி வில்லன் எழுதி நடித்த 'அல்மாஸ் நாட் நார்மல்' போல்டன் நகரத்தின் ஏழைக் குடும்பத்தைச் சொல்கிறது. போதைக்கு அடிமையான அம்மா, முரட்டுப் பாட்டி, நடிகையாகத் துடிக்கும் மகள். வில்லன் அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர். அந்த வாழ்க்கையை வெளியிலிருந்து வந்தவர் எழுதினால் பரிதாபக் கதையாகியிருக்கும். இவர் எழுதியதால் அது சிரிக்கிறது. 2025இல் வந்த 'அமாண்டாலேண்ட்' இன்னும் எளிதான நுழைவாயில். விவாகரத்தாகி வசதி குறைந்த பேட்டைக்குக் குடிபெயர்ந்த அமாண்டா, அந்தப் பேட்டைக்கே பகட்டான ஒரு சுருக்கப் பெயர் சூட்டிக்கொள்கிறாள். லூசி பஞ்ச் அமாண்டா, ஜொஆனா லம்லி அவளுடைய அம்மா. மகள் எங்கிருந்து இந்தப் பகட்டைக் கற்றாள் என்பது அம்மா வாய் திறந்ததும் விளங்கிவிடும். இவர்கள் இருவரும் சேர்ந்திருக்கும் காட்சிகளுக்காகவே இதைப் பார்க்கலாம். பள்ளிக்கூட நண்பர்கள் வரும் பகுதிகள் அந்த அளவுக்கு இல்லை.

விமர்சகர்கள் தூற்றும் 'மிஸஸ் பிரவுன்ஸ் பாய்ஸ்' பற்றியும் ஒரு வார்த்தை. பிரெண்டன் ஓகேரல் பெண்வேடமிட்டு நடிக்க, அவருடைய குடும்பத்தினர் பலர் உடன் நடிக்கிறார்கள். நடிகர்கள் வசனத்தை மறந்து சிரித்துவிடுவதைக்கூட வெட்டாமல் விடுவார்கள். சினிமாவின் கண்ணோடு பார்த்தால் இது தாங்காது. திருவிழா மேடையில் நடக்கும் நாடகத்தின் கண்ணோடு பாருங்கள், ஏன் இத்தனை லட்சம் பேருக்குப் பிடித்தது என்று தெரியும்.

இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்து, கணக்கு ஆசிரியராக இருந்து மேடைக்கு வந்த ரோமேஷ் ரங்கநாதனைத் தமிழ் வாசகர்கள் தவறவிடக் கூடாது. 2015இல் வந்த 'ஏசியன் புரொவகேட்டர்' அவரை வேரைத் தெரிந்துகொள்ள இலங்கைக்கு அனுப்புகிறது. அவர் அலுத்துக்கொள்வதும் அம்மா விடாமல் அதட்டுவதும் நமக்கு உரை தேவையில்லாத நகைச்சுவை. 2022இல் வந்த 'அவாய்டன்ஸ்' அவர் நடித்த கதைத்தொடர். யாரிடமும் மோதத் துணிவில்லாத ஒருவன், மனைவி போலிருந்தவள் பிரிந்துபோனதைச் சொந்த மகனிடம் சொல்ல முடியாமல் சகோதரியும் அவள் துணைவியும் வாழும் வீட்டில் போய் ஒண்டிக்கொள்கிறான். ரோமேஷின் மேடைப் பேச்சின் வேகத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்தார்கள். இங்கே அவர் வாயைத் திறக்காமல் இருப்பதைப் பார்க்க வேண்டும்.

ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளத் தயங்காதீர்கள். கிளாஸ்கோ பேச்சோ போல்டன் பேச்சோ லண்டன்காரர்களுக்கே சில நேரம் பிடிபடாது. ஆறு அத்தியாயங்களையும் ஒரே இரவில் விழுங்காமல், வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு என்று பாருங்கள். ஒரு பாத்திரம் நடுவில் உள்ள நாட்களிலும் மனத்தில் பேசிக்கொண்டிருந்தால்தான் அடுத்த முறை அவர் கதவைத் திறந்ததுமே சிரிப்பு வரும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் 'கோஸ்ட்ஸ்' தொடரில் தொடங்குங்கள். தனியாகப் பார்ப்பவர்கள் மெக்கன்சி குரூக் எழுதி இயக்கிய 'டிடெக்டரிஸ்ட்ஸ்' தொடரை எடுங்கள்: எசெக்ஸ் வயல்களில் உலோகம் கண்டறியும் கருவியோடு தங்கம் தேடி அலையும் இரண்டு நண்பர்கள், கிடைப்பதெல்லாம் பழைய டப்பா மூடிகளும் பொத்தான்களும். 2014இல் முதல் அத்தியாயம் வந்தது. மூன்றாவதை முடித்துவிட்டு முதலாவதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.